பெயர் சொன்னால் போதுமா?

ஆசிரியர் ஓய்வறையிலே ஒரு வழக்கு. "ஆக்சிஜன் என்றே சொல்லுங்கள், உலகம் அப்படித்தான் சொல்கிறது" என்கிறார் ஒருவர். "உயிர்வளி என்று சொன்னால் நா சுளுக்கிக் கொள்ளுமோ?" என்று சீறுகிறார் மற்றொருவர். "பிராணவாயு என்று படித்த நாங்களெல்லாம் மூச்சுவிடாமலா இருந்தோம்?" என்று நகைக்கிறார் மூத்தவர். மணி அடிக்கிறது. தீர்ப்பு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மூவரும் தத்தம் வகுப்புக்கு விரைகின்றனர். அந்த வளி இருப்பதை மனிதன் எப்படிக் கண்டறிந்தான் என்று மூவருள் ஒருவரும் பேசினாரில்லை. அருகிலிருந்த நாமும் பேசினோமில்லை.

கணினியா, கணிப்பொறியா? கைப்பேசியா, செல்பேசியா? விஞ்ஞானமா, அறிவியலா? பெயருக்காகப் பெரும்போர் நடக்கிறது; பொருளுக்காகப் பேச்சு எழவில்லை. வெறும் சொற்சண்டைதானே என்று ஒதுக்கிவிட எண்ணினால், ஒதுக்க முடியவில்லை. அதனடியிலே ஓர் அறக்கேள்வி அடங்கிக் கிடக்கிறது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, பொருளை விளக்கிவிட்டதாக ஒருவன் நடந்துகொள்வது நேர்மையாகுமா?

இந்தக் கேள்வியை நம் நெஞ்சிலே எழுப்பியவள், ஏழாம் வகுப்பிலே பயிலும் சிறுமி ஒருத்தி.

அன்றைய பாடம் புவியீர்ப்பு. மேலே எறிந்த கல் கீழே விழுவது ஏன் என்று கேட்டோம். "புவியீர்ப்பு விசையால்!" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் முழங்கிற்று. மகிழ்ந்தோம். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

"புவியீர்ப்பு என்றால் பூமி இழுக்கிறது என்றுதானே பொருள், ஐயா? பூமி ஏன் இழுக்கிறது?"

"புவியீர்ப்பு விசை இருப்பதால்" என்றோம்.

"அது அதனுடைய பெயர்தானே, ஐயா!"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, சினந்தோம். "பாடத்தைக் கவனி, உட்கார்" என்றோம். உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுவதும் அந்தக் கை மீண்டும் எழவில்லை.

எழாத அந்தக் கை நம்மை உறங்கவிடவில்லை. ஏன் என்று கேள், எதற்கு என்று கேள், எவர் சொன்னாலும் கேள் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் அல்லவா நாம்? அம்மை கண்ட வீட்டிலே, "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று சொல்வாரிடம், அது நோய்க்கு நீங்கள் வைத்த பெயரே தவிர, நோய்க்குக் காரணமன்று என்று வாதாடியவர்கள் அல்லவா நாம்? அங்கே பூசாரி ஒரு பெயரைச் சொல்லிக் கேள்வியின் வாயை அடைத்தான். இங்கே வகுப்பறையில், கையிலே சுண்ணக்கட்டியுடன், நாமும் அதையே செய்தோம். பெயர் வேறு, பூட்டு ஒன்றே!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1673-இல் அரங்கேற்றிய தம் கடைசி நாடகத்திலே, மருத்துவப் பட்டம் பெற வந்தவனை அவையோர் கேள்வி கேட்கின்றனர். அபின் உறக்கத்தைத் தருவது எதனால் என்கின்றனர். அதனிடம் உறங்கவைக்கும் ஆற்றல் இருப்பதால் என்று இலத்தீன் மொழியிலே விடையிறுக்கிறான் அவன். அவை ஆரவாரிக்கிறது, பட்டம் கிடைக்கிறது! முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த அவையிலே நமக்கோர் இருக்கை காத்திருந்தது என்பதை எண்ணுந்தோறும் நாணுகிறோம்.

அப்படியாயின் புவியீர்ப்பு என்பதும் ஒரு மந்திரந்தானா? அறிவியலும் மதம்போன்ற ஒரு நம்பிக்கைதானா? அப்படிக் கேட்டு மகிழ்வோர் பலருண்டு. அவர்களுக்கு விடை சொல்லவேண்டும். பெயரால் அல்ல, பொருளால்.

1687-இல் வெளிவந்த நூலிலே நியூட்டன் செய்தது பெயர் சூட்டல் அன்று, கணக்கு. கையிலிருந்து நழுவிய பொருள் முதல் நொடியிலே ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுகிறது. நிலவோ, பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்புக் குறையுமாயின், அங்கே அது 3,600-இல் ஒரு பங்காகத்தான் இருக்கவேண்டும். அதாவது, நிலவு நொடிக்கு 1.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகப் பூமியை நோக்கி விழவேண்டும். நிலவின் பாதையை அளந்து பாருங்கள். நேர்கோட்டிலிருந்து அது விலகி வளைவது அந்த அளவேதான்! விழும் கல்லுக்கும் விழாத நிலவுக்கும் ஒரே சட்டம். பொய்யாயிருந்தால் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுக்கப்படும் இடத்திலே துணிந்து நிற்பது அறிவியல். எது நடந்தாலும் "அவன் செயல்" என்று சொல்லித் தப்புவது மந்திரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே நியூட்டன், 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே, ஈர்ப்பின் காரணத்தைத் தம்மால் கண்டறிய இயலவில்லை என்றும், கற்பனையாக ஒன்றைக் கட்டிவிடத் தாம் விரும்பவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இருநூறு ஆண்டுகள் அந்தக் கேள்வி திறந்தே கிடந்தது. 1915-இல் ஐன்ஸ்டைன், நிறை தன்னைச் சூழ்ந்த காலவெளியை வளைக்கிறது என்னும் விளக்கத்தைத் தந்தார். புதன் கோளின் பாதையிலே பழைய கணக்குக்குப் பிடிபடாதிருந்த சிறு பிறழ்வும் பிடிபட்டது. ஆகவே தோழர்களே, ஏழாம் வகுப்புச் சிறுமி கேட்டது குறும்புக் கேள்வி அன்று. நியூட்டன் திறந்து வைத்துச் சென்ற கேள்வி! அதைத்தான் நாம் "உட்கார்" என்றோம்.

பெயரை நம்பிப் பொருளை விட்டவர்கள் பட்ட பாட்டுக்கும் சான்று உண்டு. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினர், நம்பியதையே பெயராக்கினர். 1897-இல் செகந்திராபாத்திலே ரொனால்டு ராஸ், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றை அறுத்து, நுண்பெருக்கியின்கீழ் வைத்து, நோய்க்கிருமியைக் கண்டார். பெயர் காற்றைச் சுட்டிக் கொண்டிருந்தது; குற்றவாளியோ கொசுவின் வயிற்றில் ஒளிந்திருந்தது!

ஓய்வறை வழக்குக்கு வருவோம். ஆக்சிஜன் என்று பெயரிட்டவர் லவாய்சியே. அமிலத்தை ஆக்குவது என்பது அதன் கிரேக்கப் பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டென்று அவர் எண்ணினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலே அது இல்லை என்பதை 1810-இல் ஹம்ப்ரி டேவி எடுத்துக்காட்டினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. சரி, உயிர்வளி என்பது மட்டும் முற்றும் பொருந்துமா? அந்த வளி பட்டால் மடியும் நுண்ணுயிர்களும் உண்டே! எந்தப் பெயரும் முழு உண்மையைச் சுமப்பதில்லை. பெயர் ஒரு கைகாட்டி மரம். ஊர்ப்பெயர் எழுதிய கைகாட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டதாகக் கொண்டாடுவோரை என்னென்பது?

அப்படியானால் எந்த மொழியில் சொன்னால் என்ன, ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுப் போகலாமே என்று குதித்து எழுவோரும் உண்டு. பொறுங்கள்! கைகாட்டியை வழிப்போக்கனுக்குத் தெரிந்த எழுத்திலே எழுதுவதுதான் முறை. ஒளிச்சேர்க்கை என்றால், ஒளியும் ஏதோ சேர்வதும் தமிழ்ப் பிள்ளையின் காதிலேயே விழுந்துவிடுகின்றன. எது எதனோடு சேர்கிறது என்ற அடுத்த கேள்வி தானே பிறக்கிறது. ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி பிறக்கவும் வழியில்லை. தமிழிலே முடியாது என்பாருக்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாயின. கடல் கடந்து வந்தவருக்கு முடிந்தது, கருவிலேயே தமிழ் கேட்டவருக்கு முடியாதாம்!

ஆனால் நம் பக்கத்தாருக்கும் ஒரு சொல். தமிழ்ச் சொல் ஒன்றை ஆக்கிய அன்றே அறிவியல் வந்துவிட்டதாக எண்ணுவதும் மயக்கமே. ஒளிச்சேர்க்கை என்று எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளிடம், பள்ளி முற்றத்து வேப்பமரத்தைக் காட்டி, இத்தனை மரக்கட்டையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். "மண்ணிலிருந்து" என்றனர். வான் ஹெல்மான்ட் என்பவர் 200 இராத்தல் மண்ணிலே 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் வார்த்தார். மரம் 169 இராத்தலுக்கு மேல் வளர்ந்தது. மண் குறைந்ததோ சில அவுன்சு! 1648-இல் வெளியான அந்தச் செய்தி நம் முற்றத்தை இன்னும் எட்டவில்லை. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டியதும் பாதிப் பிழை. காற்றிலுள்ள கரியமில வாயுவுக்குப் பெரும்பங்கு உண்டென்று பின்னர் வந்தவர்கள் கண்டனர். பெயர் தெரிந்திருந்தும், மரம் காற்றை உண்டு வளர்கிறது என்னும் வியப்பு நம் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லையே!

பெயரின் மயக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். கடைத்தெருவிலே கம்ப்யூட்டர் ஜாதகம் என்று பலகை தொங்குகிறது. கோள் நிற்கும் இடத்தைக் கணினி பிழையின்றிக் கணக்கிடலாம். செவ்வாய் அங்கே நின்றால் இந்தப் பெண்ணுக்குத் திருமணம் தடைப்படும் என்ற விதியை அதற்குள் ஊட்டியவன் யார்? அதே பழைய சோதிடன்! ஓலையிலிருந்த பொய் திரையிலே ஒளிர்ந்தால் மெய்யாகுமா? "கணினியே சொல்லிவிட்டது" என்று ஒரு பெண்ணின் வாழ்வைத் தள்ளிப்போடும் தாய்தந்தையர், அறிவியலை மறுத்தவர்கள் அல்லர். அதன் பெயரை வணங்கியவர்கள்.

எல்லாரும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தா நம்ப முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊசி போட்டுக்கொள்ளுமுன் ஒவ்வொருவரும் ஆய்வுக்கூடம் கட்டிக்கொள்ள முடியாது. நாமும் நம்பித்தான் வாழ்கிறோம். ஆனால் நம்பிக்கையிலே இரு வகை உண்டு. எப்படி அறிந்தீர் என்று கேட்டால் வழியைக் காட்டுபவரை நம்புவது ஒன்று. கேட்டதற்கே சினப்பவரை நம்புவது மற்றொன்று. முன்னதற்குப் பெயர் அறிவு. பின்னதற்குப் பெயர் அடிமைத்தனம். அந்த ஒரு நாள், நம் வகுப்பிலே நாம் சினப்பவராக நின்றோம்.

அடுத்த திங்களன்று வகுப்பிலே முதல் வேலையாகச் சொன்னோம்: "சென்ற வாரம் ஒருத்தி கேட்ட கேள்விக்கு நாம் சொன்னது விடையன்று, பெயர். அவள் கேட்டது சரி. நாம் உட்காரச் சொன்னது தவறு." பிறகு தாளைக் கசக்கி உருட்டினோம், ஒரு கல்லையும் எடுத்தோம். இரண்டையும் ஒருசேர நழுவவிட்டோம். ஒருசேர விழுந்தன. விரித்த தாளோ ஆடி அசைந்து பின்தங்கி வந்தது. ஏன் என்று பிள்ளைகளே வழக்காடினர்; காற்றைக் கண்டுபிடித்தனர். நிலவின் கணக்கையும் சொன்னோம். கடைசி வரிசைக் கை எழுந்தது.

"அப்படியும், பூமி ஏன் இழுக்கிறது, ஐயா?"

நியூட்டன் ஒப்புக்கொண்டதையும் ஐன்ஸ்டைன் சொன்னதையும் எமக்குப் புரிந்த அளவிலே சொல்லி, "அதற்கு மேல் எமக்குத் தெரியாது" என்றோம். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

தெரியாது! நான்கே எழுத்து. பூசாரி சொல்ல அஞ்சும் சொல். போலி அறிஞன் சொல்ல நாணும் சொல். பகுத்தறிவு பேசும் இளைஞர்களே, மூடநம்பிக்கையை எதிர்த்து ஆயிரம் சொற்களை அடுக்குகிறோம், அடுக்குவோம். ஆனால் நம் தம்பியோ தங்கையோ நம்மைப் பார்த்து ஏன் என்று கேட்கும் வேளையிலே, இந்த நான்கெழுத்தைச் சொல்லும் துணிவு நமக்கு இருக்கட்டும். அந்தத் துணிவில்லாத பகுத்தறிவு, பெயரளவிலேதான் பகுத்தறிவு.