பித்தும் கருவியும்

சித்தந் திரிந்தாரைக் கண்டவிடத்து, “முன்செய்த வினை” என்று கூறி அமைதல் காவிரிக்கரை ஊர்களில் நெடுங்கால வழக்கு. திருவிடைமருதூருக்கு அத்தகையோரை இன்றும் அழைத்து வருவார் உளர். வழிபாட்டிற்காயின் நன்றே, மருத்துவனை நாடாமைக்கு அதுவே ஏதுவாயின் ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டால்மாவ் முதலிய மருத்துவர்கள் 2007ஆம் ஆண்டில் ஒரு நோயை விளக்கினர். உடலைக் காத்தற்குரிய எதிர்ப்பொருளே மூளையணுக்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் பகையெனக் கொண்டு தாக்குகின்றது. நேற்றுவரை நலமாயிருந்த இளம்பெண் உறக்கமிழப்பாள். இல்லாத குரலைக் கேட்பாள். பெற்ற தாயையும் ஐயுறுவாள். பின்னர் வலிப்புத் தோன்றும், பேச்சு அடங்கும். சிலர்க்குச் சூற்பைக் கட்டியே காரணம். தண்டுவட நீரைச் சோதித்து இந்நோயை அறியலாம். கட்டியை நீக்கியும், ஸ்டீராய்டு முதலியன அளித்தும் தீர்க்க முயல்வர், பெரும்பாலார் தேறுகின்றனர். பித்தெல்லாம் இதுவன்று, இஃது அரிய நோயே. ஆயினும் சோதியாது விடப்பட்ட ஒருத்திக்கு அவ்வருமையால் யாது பயன்?

உயிர் கருவிகளின் வழியே அறியும் என்பது சித்தாந்தம். கருவி பழுதுற்றவழி அறிவு விளங்காதொழியும். உயிர் பித்தாயிற்றென்பது பொருந்தாது. கண்ணிற் படலம் படர்ந்தானைப் பாவியென்று ஒதுக்குவாரில்லை. மூளை அழன்றவளைமட்டும் திண்ணையில் பிணித்துவைத்தல் எந்நூல் விதித்த நீதியோ! வினையுண்டென்பது மெய்யே. அதனை அளந்து கூட்டுவோன் இறைவன், அண்டைவீட்டான் அல்லன்.

கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்தாள். வேறெவ்வாற்றானும் தீராமையின், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலிற் கொணர்ந்து இட்டான். அங்கெழுந்தருளிய ஆளுடைய பிள்ளையார் அப்பெண் செய்த பிழை யாதென வினவினாரல்லர். இவளை இவ்வாறு வாடச்செய்தல் உமக்குத் தகுமோ என்று இறைவனையே வினவினார்.