வலைக்குள்ளே பந்து வீசினவன்

 

அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்திலே ஒரு மனுஷன் வருகிறார். நம்மில் அநேகர் அவரைத் தாண்டி இரண்டாம் அதிகாரத்துக்கு ஓடிவிடுகிறோம். பெந்தெகொஸ்தே நாள் அங்கேதானே இருக்கிறது! யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு ஆள் வேண்டும். இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஒருவர் மத்தியா. மற்றவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. யுஸ்து என்றும் அவருக்குப் பெயர் உண்டு. ஜெபம்பண்ணிச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. பர்சபா என்ன ஆனார்? அதற்கப்புறம் அவரைப் பற்றி வேதத்திலே ஒரு வரி கிடையாது.

யோவான் ஸ்நானன் காலத்திலிருந்து கூடவே நடந்தவர் அவர். மத்தியாவின் காலில் ஒட்டின அதே தூசி அவர் காலிலும் ஒட்டியிருந்தது. தகுதியில் குறைவில்லை. சீட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் இந்த மாதம் எழுதுகிறேன் என்றால், பெரியபட்டினத்திலே ஒரு வீட்டு ஜெபம் முடிந்தபின் ஒரு தாயார் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விதான் காரணம். அவர்கள் மகன் கடற்கரை மணலிலே டென்னிஸ் பந்து போட்டுப் பழகினவன். சுற்று வட்டாரத்திலே எந்த டோர்னமெண்ட் என்றாலும் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். வயது இருபத்து நாலு. வீட்டிலே, "வல்லத்துக்குப் போ, இல்லாட்டி துபாய்க்கு விசா எடு" என்று தினமும் சண்டை. "ஐயா, நடராஜனுக்கு வந்த மாதிரி எம்மவனுக்கும் ஒரு நாள் வருமா? வரும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கம். சபைப் பத்திரிகையிலே கிரிக்கெட்டா என்று மூப்பர்மார் முகம் சுளிக்க வேண்டாம். பவுல் அப்போஸ்தலன் ஓட்டப்பந்தயத்தையும் சிலம்பத்தையும் எடுத்து எழுதவில்லையா?

அந்தத் தாயார் சொன்ன நடராஜன் யார்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர், 1991-ல் பிறந்தவர். தகப்பனார் தறிக் கூலி. தாயார் ரோட்டோரத்திலே கோழிக்கறி விற்றார்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அவர் நம்முடைய விசுவாசத்தார் அல்ல. அதனால் என்ன? ஆண்டவர் உவமை சொன்னபோது ஒரு சமாரியனைத்தானே உதாரணமாகக் காட்டினார்! நடராஜனும் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேதான் ஆடினார். ஊரிலே ஜெயப்பிரகாஷ் என்கிற அண்ணன் ஒருவர் அவரைப் பிடித்து இழுத்துச் சென்னைக்குக் கொண்டுபோனார். பிற்பாடு நடராஜன் தன் சட்டையின் முதுகிலே அந்த அண்ணனுடைய எழுத்தையும் சேர்த்து "ஜே.பி. நட்டு" என்று போட்டுக்கொண்டார். நன்றி மறவாத பிள்ளை!

சென்னையிலே நாலாம் டிவிஷன், பி.எஸ்.என்.எல். அணி. அப்புறம் விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ். கொத்தனார் வேலைக்குப் போகிறவன் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று போவான் இல்லையா, அதுபோல அணி அணியாகப் போய்ப் பந்து வீசினார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையிலே தமிழ்நாட்டுக்காக பெங்காலுக்கு எதிராக இறங்கினார். கதவு திறந்துவிட்டது என்று நினைக்கும்போதே, பந்து எறிகிற முறை சந்தேகத்துக்குரியது என்று சொல்லிவிட்டார்கள். கை மடங்குகிறதாம். பிரியமானவர்களே, யோசித்துப் பாருங்கள். சிறுவயது முதல் பழகின கையை மறந்துவிட்டு, வேறொரு கையைப் பழக வேண்டும்! வலை வீசுகிறவனிடம் இந்தத் தோளால் வீசாதே என்றால் எப்படி இருக்கும்? பயிற்சியாளர்கள் பக்கத்தில் நின்றார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலே ஓடிப்போனது.

திரும்பி வந்தார். 2016-ல் டி.என்.பி.எல். போட்டியிலே திண்டுக்கல் அணிக்காக வீசின யார்க்கர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். யார்க்கர் என்றால் மட்டைக்காரன் பாதத்துக்கு முன்னாலேயே வந்து விழுகிற பந்து. ஒரு சாண் முன்னே விழுந்தாலும், ஒரு சாண் பின்னே விழுந்தாலும் அடி கிடைக்கும். 2017 ஏலத்திலே ஆரம்ப விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அல்லேலூயா என்று சாட்சியை இங்கேயே முடித்துவிடலாம். நம்முடைய சாட்சிகள் அப்படித்தானே முடிகின்றன! வீடு வந்தது, கார் வந்தது, விசா வந்தது, ஆமென். அப்புறம் என்ன ஆனது என்று யாரும் எழுதுகிறதில்லை.

அப்புறம் நடந்தது இது. அந்த வருஷம் 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்து ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018-ல் ஒரு ஆட்டமும் கொடுக்கவில்லை. 2019-லும் ஒரு ஆட்டமும் கொடுக்கவில்லை. அணியோடு பஸ்ஸில் ஏறினார், அணியோடு சாப்பிட்டார், வலையிலே வீசினார், பெஞ்சிலே உட்கார்ந்தார். இரண்டு வருஷம்! பானபாத்திரக்காரன் யோசேப்பைச் சிறையிலே மறந்துபோனதும் முழுசாய் இரண்டு வருஷம்தான்.

2020-ல் எமிரேட்ஸ் நாட்டிலே நடந்த ஐ.பி.எல்.-லில் 16 ஆட்டம் ஆடி 16 விக்கெட் எடுத்தார். டிவில்லியர்ஸ் என்கிற பெரிய ஆட்டக்காரரின் ஸ்டம்பை ஒரு யார்க்கரால் பெயர்த்தார். அப்படியும் ஆஸ்திரேலியா போகிற இந்திய அணியிலே முதலில் அவருக்கு இடமில்லை. நெட் பவுலர் என்று அழைத்துக்கொண்டு போனார்கள்.

நெட் பவுலர் என்றால் என்ன தெரியுமா? வலை கட்டின கூண்டுக்குள்ளே, மற்றவன் அடித்துப் பழகுவதற்காகப் பந்து போடுகிறவன். விக்கெட் எடுத்தாலும் கணக்கில்லை. பெயர்ப் பலகையிலே பேர் வராது. நம் கடலோரத்தாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது. அந்த நாளிலே கரையில் உட்கார்ந்து கிழிசல் வலையைக் கட்டுகிறார்களே, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மீன் பிடித்த நாள்தான் ஏலக்கூடத்திலே கணக்கு. ஆனால் கட்டாத வலையிலே மீன் நிற்குமா?

ஒருவர் பின் ஒருவராகக் காயம் வந்தது. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டை. டி20 அணிக்கு நடராஜன் வந்தார். ஒருநாள் அணியிலும் சேர்த்தார்கள். 2020 டிசம்பர் 2-ந்தேதி கான்பெராவிலே முதல் ஆட்டம். ஒருநாள், டி20 முடிந்ததும் ஊருக்கு அனுப்பாமல் டெஸ்டுக்கும் நெட் பவுலராகவே வைத்துக்கொண்டார்கள். மறுபடியும் வலை! வேகப்பந்து வீசுகிறவர்கள் ஒவ்வொருவராக விழ, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனிலே இந்தியாவின் 300-வது டெஸ்ட் ஆட்டக்காரராக இறங்கி, முதல் இன்னிங்ஸிலே 3 விக்கெட் எடுத்தார். 301-வது நம்ம வாஷிங்டன் சுந்தர். 32 வருஷமாக ஆஸ்திரேலியா அந்த மைதானத்திலே டெஸ்டில் தோற்றதில்லை; அன்று தோற்றது. ஒரே சுற்றுப்பயணத்திலே மூன்று விதமான ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்தான். சின்னப்பம்பட்டியிலே சாரட்டு வண்டியிலே ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

அந்தத் தாயாருக்குத் தெரிந்தது இந்தச் சாரட்டு வரைக்கும்தான். 2021 மார்ச் 28-ல் புனேயிலே இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே சாம் கரன் 90-ஐத் தாண்டி நிற்கிறார். நடராஜன் கொடுத்தது 6 ரன். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அடுத்த மாதமே முழங்காலிலே ஆபரேஷன். அதற்கடுத்த நாலு வருஷமும் இந்திய அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20. ஆக ஏழு ஆட்டம். பத்து வருஷப் பிரயாசத்துக்கு நாலு மாதம்கூட நிறையவில்லை.

வந்தவருக்கே இப்படி என்றால், வராதவரையும் பார்த்துவிடுவோம். ரிங்கு சிங் என்று உத்தரப்பிரதேசத்து வாலிபர், லாரி டிரைவர் மகன், ஈட்டி எறிகிறவர். (கிரிக்கெட்டிலே சிக்ஸர் அடிக்கிற ரிங்கு சிங் வேறு ஆள்.) 2008-ல் அமெரிக்கர் சிலர் வந்து, பேஸ்பால் பந்தை வேகமாய் எறிகிறவனுக்குப் பரிசு என்று நாடெங்கும் போட்டி வைத்தார்கள். பேஸ்பாலை அதுவரை தொட்டறியாத இந்தப் பிள்ளை மணிக்கு 87 மைல் வேகத்திலே எறிந்து லட்சம் டாலர் வென்றார். பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் போட்டது. அவரைப் பற்றி எடுத்த படம் 2014-ல் வந்தது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. ஆனால் வாழ்க்கை? 2009 முதல் கீழ்மட்ட லீக்குகளிலே ஊர் ஊராகச் சுற்றினார். அமெரிக்காவிலே அப்படிப்பட்ட பந்தெறிகிறவர்கள் ஆயிரக்கணக்கிலே உண்டு. பஸ்ஸிலே தூக்கம், அடுத்த ஊர், அடுத்த ஊர். 2013-ல் முழங்கையிலே ஆபரேஷன். மேல்மட்ட லீக்கிலே ஒரே ஒரு பந்துகூட அவர் எறிந்ததில்லை. 2018-ல் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

ரிங்கு சிங் ஜெபிக்காததாலா? சோம்பேறியாக இருந்ததாலா? அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? சீட்டு விழவில்லை. தேவபிள்ளைகளே, நியாயாதிபதிகள் புத்தகத்திலே பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர் 700 பேர் வருகிறார்கள். கவண் கல் எறிந்தால் குறி பிசகாது. (நடராஜனும் இடதுகைதான்!) அந்த 700-ல் ஒருத்தன் பேர்கூட எழுதப்படவில்லை. அவர்கள் பக்கம் அந்த யுத்தத்திலே தோற்றும் போனது. இருந்தாலும் குறி பிசகாது என்பது மட்டும் எழுதியிருக்கிறது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும்.

ஆகவேதான் அந்தத் தாயாரிடம், "வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன், அம்மா" என்றேன். முகம் வாடிவிட்டது. "அவன் இன்னிக்கு வீசுற பந்தை ஆண்டவர் பாக்குறாரு. அது மட்டும் எனக்குத் தெரியும். இன்னொண்ணு, வீட்டுல சண்டை வேண்டாம். வல்லத்துக்குப் போனாலும் அவன் உங்க பிள்ளைதான், போகாட்டியும் உங்க பிள்ளைதான்" என்றேன். மகன் திண்ணையிலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

நடராஜனைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. பஞ்சாப் பணம் வந்த காலத்திலேயே, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து வீசச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சின்னப்பம்பட்டியிலிருந்தே பெரியசாமி என்கிற பிள்ளை புறப்பட்டு, 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியிலே 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தான். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம், அழைப்பு வராத வருஷங்களிலேதான், ஊரிலே மைதானம் கட்டி முடித்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார்.

உங்கள் சபையிலும் பர்சபாக்கள் உண்டு. பாடகர் வராத நாளிலே மட்டும் மைக் கிடைக்கிற சகோதரி இருப்பார்கள். எல்லாக் கன்வென்ஷனுக்கும் பந்தல்கால் நட்டு, ஒரு தடவையும் மேடை ஏறாத சகோதரன் இருப்பார். மூன்று தடவை போலீஸ் தேர்வுக்கு ஓடி, மூன்று தடவையும் திரும்பி வந்த பிள்ளை இருப்பான். வருகிற உபவாச ஜெபத்திலே அவர்கள் பேரை வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். வேலை கிடைக்க, மேடை கிடைக்க என்று சேர்க்க வேண்டாம். பேரை மட்டும் சொல்லுங்கள். ஜெபம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.