அலைமேல் ஆசனம்

ஆசனத்துக்குத் தரை அசையாமல் இருக்க வேண்டாமா? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பவை 3 சூத்திரங்களே. இருப்பு உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், அதற்கு முயற்சி தளர வேண்டும் என்கிறார். தரையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

விடுமுறையில் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசை போயிருந்தேன். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத நீரில், நங்கூரமிட்ட துடுப்புப் பலகைமேல் விருட்சாசனம். கால்விரல்களை இறுக்கினால் பலகை உடனே நடுங்குகிறது. முழங்காலை லேசாகத் தளர்த்தி, பார்வையைத் தொடுவானத்தில் நிறுத்தினால் அலை அடியில் கடந்து போகிறது. உடம்பும் அதோடு ஏறி இறங்குகிறது. முயற்சி தளர்வது என்றால் என்னவென்று உள்ளங்காலுக்கே புரிந்துவிடுகிறது!

வீட்டுப் பாயில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைவிட இதுவே பதஞ்சலிக்கு நெருக்கம் என்பேன். வெறும் சுற்றுலா வேடிக்கை என்று ஒதுக்காதீர்கள். காற்று எழும்புமுன், காலையிலேயே போங்கள்.