பக்கத்து இலை

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைப் பற்றி எங்கள் பக்கம் பேச்சு வந்தால், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதையும் சாட்டையடியையும்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் சாப்பிட்ட சாப்பாடு. பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நட்டாலத்து நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனபின், ஒதுக்கப்பட்ட சாதியாரோடு சரிசமமாகப் பழகினார், ஒன்றாக உட்கார்ந்து உண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்களுக்கு நெல்லளந்து கொடுத்திருந்தால் தருமவான் என்று பேர் கிடைத்திருக்கும். பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்ததை மேல்சாதியாரால் பொறுக்க முடியவில்லை. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, 'பிள்ளை' என்ற சாதிப்பெயரை வத்திக்கான் விட்டுவிட்டதில் எனக்கு மிகுந்த நிறைவு.

இறையன்பு என்பது கடவுளோடு மனிதருக்கு உண்டாகும் நட்பு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதினார். கடவுளுடைய நண்பர்கள் எல்லாரும் அதனால் நமக்கும் நண்பர்களாகிவிடுகிறார்கள். மேலே நின்று இரங்குவதை நட்பு என்று யாரும் சொல்வதில்லை. நண்பன் வீட்டுக்குப் போனால் உட்காருவோம், கொடுத்ததைச் சாப்பிடுவோம், நம் கஷ்டத்தையும் சொல்வோம். சமாரியாவின் கிணற்றடியில் இயேசு ஒரு பெண்ணிடம் முதலில் தண்ணீர்தான் கேட்டார். கொடுக்க வந்தவர் கேட்பவராக நின்றார். இறையன்பு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்தக் கிணற்றடியைத்தான் காட்டுவேன்.

எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் சில வீடுகளுக்கு அரிசி கொண்டுபோவது வழக்கம். நானும் கூடப் போவதுண்டு. தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு அதில் ஒன்று. அரிசிப் பையை வாங்கியதும் பார்க்கக்கூட மாட்டார். மூலையில் சாய்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். "இரி மக்களே, ஒரு மடக்குக் குடிச்சிற்றுப் போ" என்று கட்டஞ்சாயாவை நீட்டுவார். கூட ஒரு தட்டில் அவித்த மரச்சீனி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. இன்னும் நாலு வீடு கிடக்கிறது என்று வாசலிலேயே நின்று திரும்புகிறவர்களும் உண்டு, அவசரம் அவர்களுக்கு. ஆனால் உட்கார்ந்து அந்தக் கிழங்கைத் தின்னும்போதுதான் பாட்டி பேசத் தொடங்குவார்: கூரையில் ஒழுகும் இடம், மகள் போன் பண்ணாத வருத்தம், போன வாரம் வந்த கிறுகிறுப்பு. அரிசியை வாங்கும்போது தாழ்ந்திருந்த முகம், கிழங்கைப் பரிமாறும்போது வீட்டுக்காரியின் முகமாக நிமிரும்.

ஆபத்து நேரத்தில் உட்கார்ந்தோமா, நின்றோமா என்ற கணக்கெல்லாம் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறியபோது வேண்டியிருந்தது சோறு, துணி, ஒதுங்க ஓர் இடம். 2017-இல் ஒக்கிப் புயல் வந்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளிலும் அப்படித்தான். கொடுக்கிறவர் மனம் எப்படி இருந்தாலும் பொட்டலம் பொட்டலம்தான். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2005 கிறிஸ்துமஸ் நாளிட்டு எழுதிய தம் முதல் சுற்றுமடலில், கொடுக்கும் பொருளோடு கொடுப்பவரும் சேர்ந்து போகவில்லையென்றால் வாங்குகிறவருக்கு அது தலைகுனிவாகிவிடும் என்ற கருத்தைச் சொல்கிறார். அதே மடலின் முற்பகுதியில் ஆண் பெண் காதலைப் பற்றியும் பேசுகிறார். பலர் அதைத் தாண்டிப் பிற்பகுதிக்குப் போய்விடுகிறார்கள். காதலையும் தன்னைத் தருகிற தெய்வ அன்பையும் இரண்டு துண்டாக வெட்ட முடியாது என்பது அவர் வாதம். எனக்கு அது எங்கள் பக்கத்து வாழ்க்கையில்தான் நன்றாகப் புரிகிறது.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1870-களில் எழுந்த ஆலயத்தில் இரண்டு தரப்புச் சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு நீண்ட பகுதிகளும் இடையே தடுப்பும் இருந்தன. 1910-களில் தடுப்பை இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று ஒரு தரப்பார் நீதிமன்றத்துக்கே போனார்கள். இன்று நம் திருவிழாக்களில் சமபந்தி நடக்கிறது. யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் உட்காருகிறோம், ஒரே நற்கருணையை வாங்குகிறோம். இது சிறிய தூரமல்ல.

ஆனால் பக்கத்து இலையில் சாப்பிட்டவரின் மகன் நம் மகளை விரும்பிப் பெண் கேட்டு வந்தால்? கடற்கரைப் பங்கும் உள்நாட்டுப் பங்கும், ஒரே மறைமாவட்டம், ஒரே செபமாலை. இருந்தும் எத்தனை வீடுகளில் அன்று கதவு சாத்தப்படுகிறது! அன்பியக் கூட்டத்தில் அன்பைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒரு மணி நேரம் பெற்றோரையும் உட்காரவைக்கலாம். பேச வேண்டியது அவர்களிடம்தான், பெண் கேட்டு ஆள் வருவதற்கு முன்பே.