செவித்தினவு யாருக்கு?



"சபையில சுவிசேஷமே இல்ல பிரதர்" என்கிற முறையீட்டை இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கேட்கிறேன். நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சபையில் இருக்கிறவன், அதை விட்டுப் போய்விடலாமா, போனால் பாவமா என்று இரண்டு வருஷம் எனக்குள் போராடினேன். அந்தப் போராட்டத்தில் கர்த்தர் எனக்குக் காண்பித்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சபையின் ஞாயிறு செய்தி எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உங்களில் அநேகர் அதே செய்தியை உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். கதவு திறக்கும், கடன் தீரும், சத்துரு வெட்கப்படுவான், இந்த மாதம் உன் மாதம். கடன் தீர ஜெபிப்பது தப்பா? இல்லவே இல்லை. கடன்பட்டவனுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் வருஷத்தின் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதுவே ஆகிவிட்டால், பாவம், மனந்திரும்புதல், சிலுவை, நியாயத்தீர்ப்பு, உயிர்த்தெழுதல் எல்லாம் எப்போது வரும்? எங்களுக்கு அவை பெரிய வெள்ளிக்கிழமையில் மட்டும் வந்தன.

எங்கள் ஜெபக்குழுவில் லாரி ஓட்டுகிற ஒரு தம்பி இருந்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு கிட்னியும் போய், வாரத்திற்கு இரண்டுமுறை டயாலிசிஸ். சபையார் எல்லாரும் அவனுக்காக உபவாசித்தோம். மேடையிலிருந்து, "இந்த மகன் சாகமாட்டான், பிழைத்திருப்பான்" என்று அறிவித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம்.

ஒரு சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். மனைவி காப்பி வாங்க வெளியே போன சமயம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, விசுவாசம் இருந்தா சுகமாகும்னு சொன்னாங்க. எனக்கு ஆகலியே. அப்ப எனக்கு விசுவாசம் இல்லன்னுதான அர்த்தம்? விசுவாசம் இல்லாம செத்தா நான் எங்கண்ணே போவேன்?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கு ஞாயிறுபள்ளிப் பிள்ளை பதில் சொல்லியிருக்கும். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வேதனை தீரவில்லை, அவனை யாரும் கீழே இறக்கவில்லை, கால்களையும் முறித்தார்கள். ஆனாலும் அன்றைக்கே அவனுக்குப் பரதீசு கிடைத்தது. அவன் விசுவாசம் குறைவாக இருந்ததால் செத்தான் என்று யாராவது சொல்லுவார்களா? இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அப்படியெல்லாம் பேசாத தம்பி, நீ எழும்பி வண்டி ஓட்டுவ." சொல்லிவிட்டு ஒரு ஜெபம் பண்ணிவிட்டு ஓடிவந்துவிட்டேன். நாலாம் நாள் விடியுமுன் அவன் போய்விட்டான்.

அடக்க ஆராதனை முடிந்த அன்றே கோபம் வந்தது. என்மேல் அல்ல, சபையின்மேல். "என்னை இப்படி வெறுமையாக வளர்த்தது யார்?" என்று கேட்டு, நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். மரியாதை கொஞ்சம் குறைந்துபோனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அழுதார். பிறகு ஒரு காரியத்தை ஞாபகப்படுத்தினார்.

"பிரதர், பத்து வருஷத்துக்கு முன்னால வருஷப்பிறப்பு வாக்குத்தத்த அட்டைக்கு நான் வசனம் எழுதிக் குடுத்தேன். அதுல யோவான் பதினாறு, முப்பத்திமூணு இருந்துச்சு. அதை யாரு அடிச்சது?"

நான்தான். அப்போது நான் சபைக் கமிட்டியில் இருந்தேன், அட்டை அச்சடிக்கிற பொறுப்பு என்னுடையது. உலகத்தில் உபத்திரவம் உண்டு என்று ஆண்டவர் சொன்ன இடம் அது. "புது வருஷத்துல யாராவது இந்த அட்டையை எடுத்தா மனசு கஷ்டப்படும் ஐயா" என்று சொல்லி, என் கையாலே அடித்துவிட்டு எரேமியா இருபத்தொன்பது, பதினொன்றை இன்னும் ஐம்பது அட்டை கூட்டிப் போட்டேன். அவர் அதோடு விடவில்லை. "ரோமர் நிருபத்தை நான் ஆறு வாரம் எடுத்தேன். மூணாவது வாரம் நீங்களும் இன்னும் ரெண்டு பேரும் வந்து, ஜனங்க குறையுறாங்க, ஆசீர்வாதக் கூட்டம் வைப்போம்னு சொன்னீங்க. நான் பயந்துட்டேன். அது என் பாவம். ஆனா கேட்டது நீங்க."

எனக்கு வாய் அடைத்துப்போனது.

வீட்டுக்கு வந்து அந்த எரேமியா இருபத்தொன்பதைத்தான் முதலில் திறந்தேன். எத்தனை வருஷம் அட்டையில் அச்சடித்த வசனம்! அதற்கு முந்தின வசனத்தை ஒருநாளும் கவனித்ததில்லை. எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இப்போதைக்குத் திரும்பமாட்டீர்கள் என்று சொல்லுகிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அங்கேயே செத்து அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் தேவன் தம்முடைய நல்ல நினைவுகளைச் சொன்னார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. அவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்றான், எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். ஜனத்திற்கு எது பிடித்திருக்கும்? எழுபதா, இரண்டா? இரண்டு மாதத்தில் அனனியா செத்துப்போனான். நாங்கள் எரேமியாவின் அட்டையை அச்சடித்து அனனியாவின் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்நூறு வருஷத்திற்கு முன் ஜெர்மனியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1517-ல் டெட்செல் என்கிற துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றுவந்தார் என்றும், மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார் என்றும் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் டெட்செல் லூத்தருடைய விட்டன்பர்க் ஊருக்குள் வந்ததேயில்லை. அந்த நாட்டுப் பிரபு பிரெடெரிக் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. விட்டன்பர்க் ஜனங்கள்தான் எல்லை தாண்டி யூட்டர்போக் என்கிற ஊருக்குப் போய், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தார்கள். யாரும் வீட்டு வாசலில் கொண்டுவந்து திணிக்கவில்லை. இன்றைக்கு எல்லை தாண்டவேண்டியதில்லை, போனைத் தொட்டால் போதும், காலையில் வாட்ஸ்அப்பில் நமக்குப் பிடித்த தீர்க்கதரிசனம் வந்து நிற்கிறது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம் நாலாம் அதிகாரத்தை நான் எப்போதும் பிரசங்கிமார்மேல்தான் எறிந்திருக்கிறேன். வாசித்துப் பாருங்கள். செவித்தினவு போதகருக்கு என்று அங்கே இல்லை, கேட்கிறவர்களுக்கு. தங்களுக்கென்று போதகர்களைச் சேர்த்துக்கொள்ளுகிறவர்களும் அவர்களே. இதனால் போதகர் தப்பித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. மந்தை புல் கேட்காவிட்டாலும் மேய்ப்பன் புல் கொடுக்கவேண்டும், கணக்கு அவரிடம் கேட்கப்படும். ஆனால் என் கணக்கு என்னிடம் கேட்கப்படும் அல்லவா?

அப்படியானால் சபையை விட்டுப் போகலாமா? வேறு சுவிசேஷத்தை வானத்துத் தூதன் வந்து சொன்னாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்று கலாத்தியருக்கு எழுதப்பட்டிருக்கிறது. கிறிஸ்துவின் இரத்தத்தை மறுதலிக்கிற, கண்டித்தாலும் கேளாத இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டிருப்பது தாழ்மை அல்ல. அங்கிருந்து வெளியேறின குடும்பங்களை நான் குறைசொல்லமாட்டேன். என் நிலைமை அது அல்ல. நான் பாழாக்கின வீட்டை நானே குறைசொல்லிவிட்டு, சுத்தமான வேறொரு வீட்டில் போய்ப் பந்தியிருக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே போனாலும் இதே காதைத்தானே கொண்டுபோவேன்?

பாஸ்டரிடம் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோமர் நிருபத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார். முதல் வாரம் பதினொருபேர். போன வாரம் ஒன்பதுபேர். கரண்டு போனதால் மூன்றாம் அதிகாரத்தைச் செல்போன் வெளிச்சத்தில் வாசித்தோம். ஞாயிறு செய்தி பெரிதாக மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வருகிற வருஷப்பிறப்புக்கு அட்டை வேண்டாம் என்று அவர் சொன்னதற்கே கமிட்டியில் சண்டை.

அந்தத் தம்பியின் மனைவி முதல் வாரத்திலிருந்து வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருகிறாள். அவன் என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போகுமுன் நேரில் போய்ச் சொல்லவேண்டும். எனக்காகவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.