நம்பர் நிக்குதுங்களா, ஓடுதுங்களா?

ஸ்பின்னிங் மில்களுக்குக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கோவையைச் சுற்றி இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ரிங் ஃபிரேம் ஓடும் வேகம், அறுந்த நூல்களின் கணக்கு, டிபார்ட்மென்ட்டின் வெப்பம், ஈரப்பதம் எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும்; நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அப்படியொரு திரையின் முன்னால் நின்றபடி ஷிப்ட் சூப்பர்வைசர் கேட்டார்: "ஏனுங்க, ஈரப்பதம் அம்பத்தாறுன்னு காட்டுதுங்களே, இந்த நம்பர் நிக்குதுங்களா, ஓடுதுங்களா?"

அவர் தத்துவம் பேசவில்லை. சென்சாரிலிருந்து வரும் வயர் அறுந்துபோனாலும், கடைசியாக வந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும் என்பதை முன்பு வேலை பார்த்த மில்லில் பட்டுத் தெரிந்துகொண்டவர். அங்கே ஈரப்பதம் இறங்கி நூல் கண்டபடி அறுந்துகொண்டிருந்தபோதும் திரை மட்டும் நிம்மதியாக 56 காட்டியதாம். நொடிக்கொருமுறை புதிதாக வாசித்து, ஒவ்வொரு வாசிப்பிலும் 56 வந்தால் திரையில் அசைவு தெரியாது. வாசிப்பே நின்றுபோனாலும் தெரியாது. பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர் கேட்டதைத்தான் பௌத்தர்களும் நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்களும் சைவர்களும் பல நூற்றாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாறாமல் நிற்பதாகத் தெரியும் பொருள் உண்மையிலேயே நிற்கிறதா, அல்லது கணந்தோறும் அழிந்து அதே சாயலில் இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறதா? இரண்டாவதுதான் சரி என்பது பௌத்தர்களின் கணபங்க வாதம். விளக்குச் சுடர் அவர்களுடைய பழைய எடுத்துக்காட்டு. மாலையில் ஏற்றிய சுடரும் நள்ளிரவில் எரியும் சுடரும் ஒன்றல்ல என்பார்கள். சுடருக்குச் சொன்னதைக் குடத்துக்கும் மலைக்கும் மனத்துக்கும் நீட்டியதில்தான் சண்டை வந்தது.

கணம் என்றால் எவ்வளவு? பௌத்த அறிஞர் வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் மூன்றாம் பகுதியில் கணக்குத் தருகிறார். 120 கணம் ஒரு தட்கணம், 60 தட்கணம் ஒரு லவம், 30 லவம் ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். பெருக்கினால் ஒரு நாளைக்கு 64,80,000 கணங்கள். நொடிக்குச் சரியாக 75. கம்ப்யூட்டர் கடையில் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று விற்கிறார்களே, அதே வேகம். விண்டோஸின் உள்கடிகாரம் வழக்கமாக நொடிக்கு 64 முறை துடிக்கும். வசுபந்துவின் கணம் அதைவிடச் சற்றே வேகம். பலசாலி ஒருவன் விரல் சொடுக்கும் நேரத்தில் 65 கணங்கள் கழியும் என்று அதே நூல் இன்னொரு அளவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சொடுக்குக்கு முக்கால் நொடிக்கு மேல் ஆகிறது. பலசாலிக்கு அவசரமில்லை போலும். இந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு அன்றே அறிவியல் கண்டார்கள் என்று நான் கிளம்பப் போவதில்லை. கணத்தை வாய்ப்பேச்சாக விடாமல் அளந்து பார்க்கத் துணிந்தார்களே, அந்தத் துணிச்சலுக்குத்தான் கும்பிடு.

தேரவாத பௌத்தர்களின் கணக்கு வேறு. சோழ நாட்டில் பிறந்து 5-ஆம் நூற்றாண்டில் அபிதம்மாவதாரம் எழுதிய புத்ததத்தரின் மரபு அது. தோன்றல், நிற்றல், மறைதல் என்று ஒவ்வொரு கணத்துக்கும் மூன்று கூறு வைத்தார்கள். சடப்பொருளுக்கு 17 மனக்கணங்கள் ஆயுள் கொடுத்தார்கள். பௌத்தத்தின் இன்னொரு பிரிவினரான சௌத்திராந்திகர்கள் அந்த நடுக்கூறான நிற்றலையும் வெட்டி எறிந்தார்கள். தோன்றியது அழியும், நிற்பதென்று ஒன்று கிடையாது என்றார்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. திரையில் எதுவும் சும்மா நிற்பதில்லை என்பது எங்களுக்குப் பாலபாடம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். ஒரு ஜன்னலின் மேல் இன்னொரு ஜன்னலை இழுத்துக்கொண்டு போனால், அடியில் இருக்கும் புரோகிராமுக்கு "மூடியிருந்த இடத்தை மறுபடி வரைந்துகொள்" என்று விண்டோஸ் சேதி அனுப்பும். அது உடனே வரைந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அடியிலிருந்த புரோகிராம் ஹேங் ஆகியிருந்தால்தான் வேடிக்கை. வரைய ஆள் இல்லாததால், இழுத்த ஜன்னலின் பிம்பம் அங்கே அப்படியே அப்பிக்கொள்ளும்; இழுக்க இழுக்க வால்போல நீளும். 2007-இல் விஸ்டா வந்து ஒவ்வொரு ஜன்னலின் படத்தையும் தனியாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் அந்தக் காட்சி பெரும்பாலும் ஒழிந்தது. இப்போது செத்த புரோகிராமின் ஜன்னலும் முகம் சுளிக்காமல் நிற்கிறது. ஐந்து நொடி பதில் வராவிட்டால்தான் விண்டோஸே அதன் தலைப்பில் "பதிலளிக்கவில்லை" என்று எழுதுகிறது.

மாறாமல் இருப்பது சும்மா இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது ஒரு வேலை. ஓயாமல் யாரோ செய்ய வேண்டிய வேலை. சைவ சித்தாந்தம் இதை எப்போதோ தொழில் பட்டியலில் ஏற்றிவிட்டது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தில் படைப்பும் அழிப்பும் எவர் கண்ணிலும் படும். காத்தலை மட்டும் யாரும் தொழிலாக எண்ணுவதில்லை. தில்லைக் கூத்தனின் உருவில் துடி ஏந்திய கை படைக்கிறது, தீ ஏந்திய கை அழிக்கிறது, அபயமாக அமைந்த கை காக்கிறது என்று உண்மை விளக்கம் என்ற சித்தாந்த நூல் பிரித்துக் காட்டும். வந்தவனுக்கு "அஞ்சாதே" என்று சும்மா காட்டியிருப்பதாகத் தோன்றும் கைக்குத்தான் உலகை நிலைக்கவைக்கும் பொறுப்பு.

நான்காவதான மறைத்தலையும் விட மனமில்லை. புரோகிராம் எண்ணைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதை அழித்து வெறும் பின்னணி பூசும், பிறகு புதியதை எழுதும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வெறுமை கண்ணில் பட்டால் திரை சிமிட்டும். எட்டு மணி நேரம் சிமிட்டும் திரையைப் பார்த்தால் ஆபரேட்டருக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்? அதனால் 'டபுள் பஃபர்' வைப்போம். அழிப்பதும் எழுதுவதும் நினைவகத்தில் மறைவாக நடக்கும். முடிந்த படம் மட்டும் திரைக்கு வரும். பார்க்கிறவன் நலனுக்காகத்தான் அந்த மறைப்பு. மறைத்தலும் அருளின் பாற்பட்டதே என்று சித்தாந்திகள் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பார்க்கலாம்.

இதுவரைக்கும் பௌத்தனும் சைவனும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். நிலைப்பு என்பது ஓயாத செயல் என்பதில் தகராறு இல்லை. அந்தச் செயலுக்குச் செய்கிறவன் தேவையா, அதைக் காண்கிறவன் தேவையா என்பதில்தான் பிரிகிறார்கள்.

நான் படித்த ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் சௌத்திராந்திக மதம் வந்தபோது ஆசிரியர் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல ஈரப்பதம் ஏறுது, இறங்குதுன்னு காட்டுமா?" என்று கேட்டார். காட்டும் என்றேன். "போன நொடி செத்துப்போச்சுன்னா எதோட ஒப்பிட்டு ஏறுதுன்னு சொல்லுது?" என்றார்.

நியாயமான கேள்வி. டைமர் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஓடும் துண்டு நிரலுக்குள்ளேயே 'முந்தைய அளவு' என்ற மாறியை வைத்தால், அந்தத் துடிப்பு முடிந்ததும் மாறியும் போய்விடும். அடுத்த துடிப்பு ஒன்றும் தெரியாத குழந்தையாகப் பிறக்கும். 56, 55, 53 என்று எண்கள் வரும். இறங்குகிறது என்ற அறிவு வராது. மாறியைத் துடிப்புக்கு வெளியே வைத்தால்தான், துடிப்புகள் வந்து போனாலும் அது இருக்கும். மாற்றத்தை அறிய மாறாத ஒன்று வேண்டும். நேற்று கண்டவனும் இன்று காண்பவனும் ஒருவனாக இருந்தால்தான் "அதுதான் இது" என்று சொல்ல முடியும் என நையாயிகர்களும் சித்தாந்திகளும் வாதிட்டது இதைத்தான்.

பௌத்தன் இங்கே தோற்றான் என்று வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எங்கள் தொழிலில் அவனுக்குப் பதில் இருக்கிறது. வெளியே மாறியே வைக்காமல், ஒவ்வொரு துடிப்பும் தான் சாகும்முன் தன் அளவை அடுத்த துடிப்பின் கையில் கொடுத்துவிட்டுப் போகும்படி எழுதலாம். ஃபங்ஷனல் புரோகிராமிங் பழகியவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நிலையான சேமிப்பு எதுவுமில்லை, கைமாறுதல் மட்டுமே. பௌத்தர்கள் வாசனை (முன்கணம் விட்டுச்செல்லும் பதிவு), சந்தானம் (தொடர்ச்சி) என்று சொன்னது ஏறத்தாழ இதுவே. டைமரையும் இப்படி அமைக்கலாம். நொடிக்கொருமுறை தட்டு என்று வெளியே ஒரு மணியை வைக்காமல், ஒருமுறை மட்டும் அடிக்கும் மணியை வைத்து, வேலை முடிந்ததும் அந்த வேலையே அடுத்த மணிக்குச் சாவி கொடுக்கும்படி எழுதுவது. ஒரு வாசிப்பு தாமதமானால் அடுத்தது அதன்மேல் ஏறி விழாது என்பதால் அனுபவசாலிகள் பலர் இதையே விரும்புவார்கள். இது இருப்பதால் அது எழுகிறது. மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைத்த, பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் 12 சார்புகளின் அமைப்பும் இந்த ஜாதிதான்.

இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு. நடுவில் ஒரு துடிப்பு ஏதோ பிழையில் சிக்கிச் சாவி கொடுக்காமல் செத்தால் சங்கிலி முழுதும் அங்கேயே நிற்கும். நின்றது என்று சொல்லச் சங்கிலிக்குள் ஆள் கிடையாது. திரை 56 காட்டிக்கொண்டிருக்கும். சார்புகள் அறுந்து சங்கிலி நிற்பது பௌத்தனுக்கு வீடுபேறு, மில்லுக்குப் பிரேக்டவுன்.

எதிர்க்கோடிக்குப் போனவர்கள் அஷ்அரி மரபு இஸ்லாமிய அறிஞர்கள். பண்புகள் இரண்டு கணம் நிலைப்பதில்லை, இறைவனே கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள். 1111-இல் மறைந்த அல்-கஸாலி, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் 17-ஆம் விவாதத்தில் எடுத்துக்கொண்ட உதாரணம் பஞ்சும் நெருப்பும். நெருப்பு பட்டதால் பஞ்சு எரிகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை, பட்டபோது எரிவதைத்தான் காண்கிறோம், எரிப்பவன் இறைவன் என்கிறார். (ப்ளோ ரூமில் பஞ்சு பற்றிக்கொண்டால் எங்கள் ஊரில் இந்த வாதத்துக்கு யாரும் நிற்க மாட்டார்கள்.) இங்கே வெளிமணி மட்டுமே உண்மை, பொருள்களுக்கென்று சொந்தத் துடிப்பே இல்லை.

சித்தாந்தம் இவ்வளவு தூரம் போவதில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அடியோடு அழியாது என்பது அதன் பிடி. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். காப்பவன் ஒவ்வொரு கணமும் சூனியத்திலிருந்து உலகைச் செய்வதில்லை. இருக்கிற மூலப்பொருளை இயக்குகிறான். திரையிலும் புள்ளிகள் அதே புள்ளிகள்தான், ஒவ்வொரு நொடியும் நாம் புதிதாகச் செய்வது எழுத்தை மட்டும்.

நான் எழுதும் திரைகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எப்போது வாசிக்கப்பட்டது என்ற நேரமும் இருக்கும். வாசிப்பு பழசானால் எண் சாம்பல் நிறமாகும். அதைப் பார்த்துக்கொள்வது வாசிக்கும் சங்கிலிக்குள் சேராத தனி டைமர். அந்த டைமரும் நின்றால்? அதற்கொரு காவல், அதற்கும் ஒரு காவல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். தனக்கு மேல் காவல் வேண்டாத ஒருவனிடம் சித்தாந்தி நிறுத்துகிறார். நிறுத்தத்தான் வேண்டும் என்பதற்கு அவர் தரும் நியாயம் என்னை முழுதாகக் கட்டிப்போடவில்லை. ஆனாலும் நான் அவர் பக்கம்தான். திரையைப் பொறுத்தவரை கணபங்க வாதமே போதும். "நிக்குதுங்களா, ஓடுதுங்களா" என்று கேட்ட சூப்பர்வைசரை அது இன்னும் எனக்கு விளக்கவில்லை. அவர் துடிப்புகளுக்கு வெளியே நின்றல்லவா கேட்டார்?

அந்த வகுப்பில் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை, அதாவது பிற மதங்களை எடுத்து மறுக்கும் பகுதியை, வேகமாகத் தாண்டி, தன் மதம் சொல்லும் சுபக்கத்துக்குப் போக எல்லோருக்கும் அவசரம். அருள்நந்தி சிவாசாரியார் அப்படி அவசரப்பட்டவர் அல்லர். 13-ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து, எதிராளியின் மதத்தை முதலில் அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு அதன்பிறகே மறுக்கிறார். சௌத்திராந்திகன் பகுதியை எடுங்கள். பக்கத்தில் மணிமேகலையின் 30-ஆம் காதையை விரித்து வையுங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.