கிராண்டுக்குக் கிடைக்காத நாற்காலி

பிரிட்டிஷ் விமானப்படையில் அதிகாரியாக, 1939 வரை ஐரோப்பிய வம்சாவளி வேண்டியிருந்தது. போர் மூண்டதும் விதி தளர்ந்தது; அதுவும் போர்க்காலத்துக்கு மட்டும் என்றார்கள். கஷ்டம் வந்தால்தானே கதவு திறக்கும்!

அப்படிச் சேர்ந்தவர் கயானாவின் சை கிராண்ட். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் திசை கணித்துச் சொல்லும் நேவிகேட்டர். 1943 ஜூனில் நெதர்லாந்து வானில் விமானம் சுடப்பட்டது. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டவருக்கு இரண்டு ஆண்டு ஜெர்மன் சிறைமுகாம்.

1950-இல் பாரிஸ்டர் ஆனார். ஜெர்மனிவரை வழி சொன்னவருக்கு லண்டன் வக்கீல் அலுவலகங்களில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. நடிக்கப் போனார். 1957 முதல் பிபிசியின் 'டுநைட்' நிகழ்ச்சியில் அன்றாடச் செய்தியைக் கரீபியத் தீவுகளின் கலிப்சோ மெட்டில் பாடி வீடுதோறும் தெரிந்த முகமானார். வெறும் கலிப்சோக்காரர் என்று முத்திரை விழுந்துவிடுமோ என்று, சில ஆண்டுகளில் அதையும் விட்டார்.